துப்பாக்கிப் புகையில் சுடுபவரின் மூக்குக்கு எவ்வளவு போகிறது, அதை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி மூன்று பகுதிகளாக வந்திருக்கிறது. துப்பாக்கி சுடுபவர் தன் ஆயுதத்திலிருந்து வரும் வாயுவையும் துகளையும் எவ்வளவு சுவாசிக்கிறார் என்பதை எப்படி அளக்கிறார்கள்? ஈயமில்லாத தோட்டாக்கள் வந்துவிட்ட பிறகும் இதற்காகக் கவலைப்பட வேண்டுமா? கடையில் கிடைக்கும் கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்றைச் சட்டையில் மாட்டிக்கொண்டால் போதாதா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. பல நேரங்களில் அது காட்டும் எண்ணே தவறாக இருக்கும். அது ஏன் என்று விளங்க, தோட்டா வெடிக்கும்போது உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

விசையை அழுத்தியதும் ஓர் ஊசி, தோட்டாவின் அடியில் பதித்திருக்கும் ப்ரைமர் என்ற சிறு கிண்ணத்தை இடிக்கிறது. இடி பட்டதும் தீப்பற்றும் கலவை அதற்குள் இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்தக் கலவையின் முக்கியச் சரக்குகள் மூன்று: லெட் ஸ்டிஃப்னேட், பேரியம் நைட்ரேட், ஆன்டிமனி சல்ஃபைடு. தடயவியல் ஆய்வகங்களில் சந்தேக நபரின் கையிலிருந்து ஒற்றி எடுத்த மாதிரியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துத் தேடுவதும் இவற்றின் எச்சத்தைத்தான். ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் ஒரே துகளில், சில மைக்ரான் அளவில், உருண்டையாக இருக்கும். உருகிய துளி பறக்கும்போதே உறைந்துபோனதால் வந்த உருண்டை அது. கையில் படியும் அதே துகள் மூக்கிலும் ஏறும் என்பதைப் பற்றி மட்டும் வெகுகாலம் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

ப்ரைமரின் தீ, தோட்டாவுக்குள் இருக்கும் உந்துமருந்தைப் பற்றவைக்கிறது. இன்றைய புகைகுறைந்த மருந்து எல்லாமே நைட்ரோசெல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டது. சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேரும். நீலகிரி அருவங்காட்டுத் தொழிற்சாலையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தயாராகிவருவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துதான். இந்த மருந்து முழுவதுமாக எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இல்லை. குழலுக்குள் வெளிக்காற்றும் இல்லை. ஆகவே கார்பன் பாதி எரிந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. குழல் வாயை அடையும் வாயுவில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஏறத்தாழப் பாதி வரை கார்பன் மோனாக்சைடு; கூடவே பத்தில் ஒரு பங்கு அளவில் ஹைட்ரஜன், மிச்சம் நீராவி, கார்பன் டையாக்சைடு, நைட்ரஜன். இவற்றோடு சிறிய அளவில் அமோனியா, ஹைட்ரஜன் சயனைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள். இந்த ஹைட்ரஜனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீட்டர் விஷயத்தில் வேலைக்கு ஆகும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். நேட்டோ படைகள் பயன்படுத்தும் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவில் சுமார் 1.7 கிராம் மருந்து இருக்கிறது. வெளியே வந்தபின் எதுவும் எரியவில்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு தோட்டாவுக்கு அரை கிராமுக்கு மேல் கார்பன் மோனாக்சைடு. 0.6 கிராம் என்று எடுத்துக்கொள்வோம். 30 தோட்டாக்கள் கொண்ட ஒரு மேகசினை, 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அடைத்த அறையில் சுட்டுத் தீர்த்தால் 18 கிராம். அறையில் சமமாகக் கலந்தால் ஏறத்தாழ 260 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 260 பங்கு. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், ஒரு நொடிகூடத் தாண்டக்கூடாது என்று சொல்லும் உச்சவரம்பு 200 பிபிஎம். ஒரே மேகசின், அரை நிமிடத்து வேலை.

திறந்தவெளியில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சூடான கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வெளிக்காற்றைச் சந்தித்ததும் மீண்டும் தீப்பிடிக்கின்றன. இரவில் சுடும்போது குழல் வாயில் தெரியும் பெரிய நெருப்புப் பந்து அதுதான். அந்த நெருப்பு எரிந்தால் நச்சு வாயு கார்பன் டையாக்சைடாக மாறிவிடும். ஆனால் எந்த ராணுவமும் தன் வீரர் இருட்டில் எங்கே படுத்திருக்கிறார் என்று எதிரிக்குக் காட்ட விரும்பாது. அதனால் மருந்தில் பொட்டாசியம் உப்பு சேர்க்கிறார்கள், குழல் வாயில் தீ மறைப்பான் பொருத்துகிறார்கள். நெருப்பு குறைகிறது, எரியாத கார்பன் மோனாக்சைடு கூடுகிறது. ஒரே தோட்டாவை இரண்டு ஆய்வகங்கள் அளந்து இரண்டு விதமான எண்களைத் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். குழல் நீளமும் குழல் வாயில் என்ன மாட்டியிருக்கிறது என்பதும் தெரியாமல் உமிழ்வு எண்ணைப் படிப்பதில் அர்த்தமில்லை.

இனி உலோகம். மருந்து எரியும் வெப்பநிலை 2,500 கெல்வினைத் தாண்டும். ஈயம் 327 டிகிரி செல்சியசில் உருகி 1,749 டிகிரியில் கொதிக்கும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். தாமிரம் 1,085 டிகிரியில் உருகும். சாதாரண ராணுவக் குண்டு ஒன்றை, அதாவது தோட்டாவிலிருந்து பறந்துபோகும் பகுதியை, தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். தாமிரக் கவசம் முனையையும் பக்கங்களையும் மூடியிருக்கும். அடிப்பாகத்தில் ஈயம் வெளியே தெரியும். எரியும் வாயு தாக்குவதோ அந்த அடிப்பாகத்தைத்தான். ஆக ஈயம் வருவதற்கு இரண்டு வழி, ப்ரைமர் ஒன்று, குண்டின் அடிப்பாகம் ஒன்று. 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அடிப்பாகத்தையும் சேர்த்து முழுக்கத் தாமிரத்தால் மூடிய குண்டுக்கு மாறியதும், பயிற்சியாளர் சுவாசித்த ஈயம் வெகுவாகக் குறைந்தது. கூரை போட்ட திறந்தவெளித் தளத்தில் செய்த ஆய்வு அது. வெளியில் சுட்டால் பிரச்சினையே இல்லை என்று நம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு ப்ரைமரில் எவ்வளவு ஈயம் இருக்கும்? வகையைப் பொறுத்துச் சில மில்லிகிராம், அதாவது சில ஆயிரம் மைக்ரோகிராம். அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் ஓஷா அமைப்பு 1978 முதல் வைத்திருக்கும் வரம்பு, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். வேலை செய்பவர் 8 மணி நேரத்தில் ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார். ஆக ஒரு முழு வேலைநாளுக்கு அவர் சுவாசிக்கலாம் என்று அந்தச் சட்டம் அனுமதிப்பது 500 மைக்ரோகிராம். ஒரே ஒரு தோட்டாவின் ப்ரைமரில் அதைப் போலப் பல மடங்கு இருக்கிறது. அப்படியும் சுடுபவர்கள் சுருண்டு விழாமல் இருப்பதற்குக் காரணம், அதில் மிகப் பெரும்பகுதி குழல் வாய் வழியாக முன்னால் போய்விடுவதுதான்.

இந்தத் துறையில் நடக்கும் குழப்பங்களில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. துப்பாக்கியிலிருந்து மொத்தம் எவ்வளவு வெளியே வருகிறது என்பது ஒரு கேள்வி. சுடுபவரின் மூக்குக்கு எவ்வளவு வருகிறது என்பது வேறு கேள்வி. முதலாவது தோட்டாவையும் துப்பாக்கியையும் பொறுத்தது. இரண்டாவது காற்றோட்டம், சுடுபவர் நிற்கும் நிலை, எந்தத் துளையிலிருந்து புகை வருகிறது என்பதையெல்லாம் பொறுத்தது. ஒன்றை அளந்துவிட்டு மற்றதற்குப் பதில் கிடைத்துவிட்டதாக எழுதிய அறிக்கைகள் ஏராளம்.

முதல் கேள்விக்குப் பதில் தேட, துப்பாக்கியை மூடிய அறைக்குள் அல்லது பெட்டிக்குள் பொருத்தி, தூரத்திலிருந்து விசையை இயக்குவார்கள். குண்டு ஒரு சிறு துளை வழியாக வெளியேறி வேறொரு பெட்டியில் அடங்க வேண்டும். இதில் கோட்டைவிட்டால் எல்லாம் போயிற்று. குண்டு எஃகுத் தகட்டிலோ மணலிலோ மோதும்போது அதுவே தூசு கிளப்பும். அந்தத் தூசு அளவீட்டில் கலந்தால் துப்பாக்கிப் புகையையும் இலக்குத் தூசையும் பிரிக்கவே முடியாது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் சுட்டபின் உள்ளே சேர்ந்த காற்றைக் கலக்கி, வாயுவையும் துகளையும் அளந்து, தோட்டாக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தோட்டாவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற உமிழ்வுக் காரணி கிடைக்கும். அமெரிக்க ராணுவம் அபர்டீன் சோதனைத் தளத்தில் இப்படி அளந்த எண்களைத்தான் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை, ஏபி-42 என்ற தன் உமிழ்வுத் தொகுப்பின் 15ஆம் அத்தியாயத்தில் தோட்டா வகை வாரியாக அச்சிட்டிருக்கிறது. ஸ்வீடனின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் தங்கள் ஏகே 5 ரைஃபிளையும் ஈயமில்லாத தோட்டாவையும் வைத்து இதே வகை அளவீட்டைச் செய்து 2014இல் வெளியிட்டார்கள்.

அறை அளவீட்டில் துகள் விஷயம் வாயுவைவிடச் சிக்கலானது. கார்பன் மோனாக்சைடு சுவரில் ஒட்டாது. துகள் ஒட்டும். பெரியவை தரையில் விழும், மிகச் சிறியவை ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்துகொண்டே போகும். சுட்டு 10 நொடியில் எடுத்த மாதிரியும் 10 நிமிடம் கழித்து எடுத்த மாதிரியும் ஒரே புகையிலிருந்து வந்தவை போலவே இருக்காது. எண்ணிக்கை சரிந்திருக்கும், சராசரி அளவு கூடியிருக்கும். சுடுபவர் சுவாசிப்பதோ ஒரு நொடி வயதான புகையை. எனவே எவ்வளவு நேரம் கழித்து மாதிரி எடுத்தார்கள் என்று எழுதாத துகள் அளவீட்டை நான் நம்புவதில்லை. இன்னொரு சில்லறை விஷயமும் உண்டு. சுத்தம் செய்து எண்ணெய் தடவிய குழலில் முதல் சில தோட்டாக்கள் எண்ணெய்ப் புகையையும் சேர்த்துக் கக்கும். அவற்றை அளவீட்டில் சேர்க்காமல் முன்கூட்டியே சுட்டுத் தீர்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது கேள்விக்கு மனிதர் மீதே கருவியை மாட்ட வேண்டும். இடுப்பில் ஒரு சிறிய பம்ப், நிமிடத்துக்கு 2 லிட்டர் காற்றை இழுக்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் முதுகு வழியாக ஏறித் தோளைத் தாண்டிச் சட்டைக் காலருக்கு வரும். அதன் முனையில் 37 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் டப்பி, உள்ளே வெள்ளை வடிதாள். மூக்கையும் வாயையும் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் இருந்தால் அது சுவாச மண்டலம் என்று தொழிலகச் சுகாதாரக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெல்டிங் செய்பவருக்கும் பெயின்ட் அடிப்பவருக்கும் இந்த விதி ஒத்துவரும். ரைஃபிள் சுடுபவர் கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் அழுத்திக்கொண்டு நிற்கிறார். காலித் தோட்டா வெளியே தெறிக்கும் துளை அவர் முகத்துக்கு வெகு அருகில், பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கிறது. வலது காலரில் மாட்டிய டப்பியும் இடது காலரில் மாட்டியதும் ஒரே எண்ணைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. இடக்கைக்காரர் அந்தத் துளைக்கு நேர் எதிரிலேயே முகத்தை வைத்திருக்கிறார். இரண்டு காலரிலும் ஒவ்வொன்று மாட்டி இரண்டையும் அறிக்கையில் போடுவதுதான் நேர்மை.

வேலை முடிந்ததும் டப்பியை ஆய்வகத்துக்கு அனுப்பி, வடிதாளை அமிலத்தில் கரைத்து, உலோகங்களை அளப்பார்கள். இங்கே இரண்டு இடத்தில் பிழை நுழையும். ஒன்று, துகளில் ஒரு பகுதி வடிதாளில் விழாமல் டப்பியின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதையும் துடைத்துச் சேர்க்காவிட்டால் ஈயம் குறைவாகத் தெரியும். இன்னொன்று, டப்பியைத் திறந்து மூடுபவரின் விரலில் ஈயம் இருந்தால் அதிகமாகத் தெரியும். அதனால்தான் காற்றே இழுக்காத வெற்று டப்பி ஒன்றையும் தளத்துக்குக் கொண்டுபோய், திறந்து, மூடி, சேர்த்து அனுப்புகிறார்கள்.

எண் வந்தபின் அதைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ஒருவர் உள்ளரங்கத் தளத்தில் ஒரு மணி நேரம் சுடுகிறார், காற்றில் ஈயம் கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம். மீதி 7 மணி நேரம் சுத்தமான அலுவலகத்தில் இருக்கிறார். 400ஐ 8ஆல் வகுத்தால் 50. சட்டப்படி வரம்பைத் தாண்டவில்லை! அதே தளத்தில் அவருக்குப் பின்னால் நிற்கும் பயிற்சியாளர் நாள் முழுவதும் அங்கேயே இருக்கிறார். அவர் அளவு வரம்பைப் போல 8 மடங்கு. சுடுபவருக்கு ஆபத்து என்று எல்லோரும் பேசுகிறோம். அதிகம் பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் பயிற்சியாளர்களும் தளத்தைக் கூட்டிப் பெருக்குபவர்களும்தான். அந்த 50 என்ற வரம்பே பழசாகிவிட்டது என்பது வேறு விஷயம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கேட்டுக்கொண்டதன் பேரில் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2012இல் கொடுத்த அறிக்கை, துப்பாக்கித் தளங்களில் தொடர்ந்து ஈயத்துக்கு ஆளாகும் ஊழியர்களைக் காக்க ஓஷா வரம்பு போதாது என்று சொல்லிவிட்டது. கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரியிலிருந்து தன் வரம்பைக் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமாக இறக்கியிருக்கிறது.

காற்றோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளரங்கத் தளத்தில் சுடுபவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து இலக்கை நோக்கிக் காற்று சீராக ஓட வேண்டும் என்பது நியோஷ் பரிந்துரை, நொடிக்கு 0.38 மீட்டர் இருந்தால் நல்லது, 0.25க்குக் கீழே போகக்கூடாது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் பின்னாலிருந்து வரும் காற்று சுடுபவரின் உடலைச் சுற்றிக்கொண்டு போகும்போது, ஆற்றில் நிற்கும் பாறைக்குப் பின்னால் சுழி விழுவது போல, அவர் மார்புக்கு முன்னால் ஒரு சுழல் உண்டாகிறது. துப்பாக்கி இருப்பதும் சரியாக அந்த இடத்தில்தான். அனிமாமீட்டர் பிடித்து வேகத்தைப் பார்த்து ‘சரி’ என்று எழுதிவிட்டுப் போவதைவிட, ஆள் நிற்கும் நிலையில் புகைக்குழாயால் கொஞ்சம் வெண்புகை விட்டு அது எங்கே திரும்புகிறது என்று கண்ணால் பார்ப்பது பல மடங்கு பயன் தரும்.

இப்போது மீட்டருக்கு வருகிறேன். சட்டையில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு மீட்டர்களில் பெரும்பாலும் மின்வேதி செல்தான் இருக்கும். அந்த செல், கார்பன் மோனாக்சைடுக்கு மட்டுமின்றி ஹைட்ரஜனுக்கும் மின்னோட்டம் தரும். வீட்டு அடுப்பருகில் இதனால் பெரிய நஷ்டமில்லை. துப்பாக்கி வாயுவில் ஹைட்ரஜன் தாராளமாக இருப்பதால் மீட்டர் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். மறுபக்கம், அதன் வேகம் குறைவு. முழு அளவை எட்ட அரை நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும். சுடும்போது முகத்தைக் கடக்கும் புகையோ ஒன்றிரண்டு நொடிகளில் வந்து போய்விடும். ஆக உச்சத்தைக் குறைத்தும் சராசரியைக் கூட்டியும் காட்டும் கருவி அது. ஹைட்ரஜன் சயனைடுக்கென்று விற்கும் செல்கள் இன்னும் மோசம். நைட்ரஜன் டையாக்சைடு கலந்திருந்தால் எண் கீழேகூடப் போகலாம். வேறு வழியே இல்லாவிட்டால் மீட்டரை மாட்டிக்கொள்ளுங்கள், அலாரம் அடித்தால் வெளியே வந்துவிடுங்கள். ஆனால் அந்த எண்ணை எடுத்து அறிக்கை எழுதாதீர்கள்.

ஆய்வாளர்கள் இதற்கு அகச்சிவப்பு ஒளிக் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறு அகச்சிவப்பை உறிஞ்சாது என்பதால் அந்தத் தொல்லை இல்லை. எஃப்டிஐஆர் என்ற கருவி ஒரே நேரத்தில் கார்பன் மோனாக்சைடு, அமோனியா, சயனைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் எல்லாவற்றையும் பார்த்துவிடும். விலையும் எடையும் அதற்கேற்ற மாதிரி. அதைக் காலரில் மாட்ட முடியாது. முகத்தருகிலிருந்து சூடேற்றிய குழாய் வழியாகக் காற்றை அதற்குக் கொண்டுபோக வேண்டும். குழாயைச் சூடேற்றுவது எதற்கென்றால், அமோனியா குளிர்ந்த ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டு கருவிக்கே போய்ச் சேராது.

கார்பன் மோனாக்சைடு மட்டும் என்றால் உடலே ஒரு அளவுகோல். ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ஆர்வத்தோடு அதைப் பிடித்துக்கொள்கிறது. 1965இல் கோபர்ன், ஃபார்ஸ்டர், கேன் மூவரும் உருவாக்கிய சமன்பாட்டில் காற்றிலுள்ள அளவு, மூச்சின் வேகம், நேரம் ஆகியவற்றைப் போட்டால், எத்தனை சதவீத ஹீமோகுளோபின் சிறைப்பட்டிருக்கும் என்று தெரியும். கவச வாகனத்துக்குள்ளிருந்து சுடும் வீரர்களுக்காக அமெரிக்க ராணுவம் வரம்பு வைத்திருப்பதும் பிபிஎம்மில் அல்ல, இந்தச் சதவீதத்தில்தான். நியாயமான அணுகுமுறை. சில நொடி உச்சங்களை எண்ணி மாரடிப்பதைவிட, அவை சேர்ந்து ரத்தத்தில் என்ன செய்தன என்று கேட்பது மேல்.

ஈயமில்லாத தோட்டா பற்றிய கேள்விக்கு நார்வே நல்ல பதில். அந்நாட்டு ராணுவம் 2000களின் பிற்பகுதியில் எச்கே416 என்ற புதிய ரைஃபிளுக்கு மாறியது, தோட்டாவும் ஈயமில்லாதது. ஈயத்தை ஒழித்தாயிற்று என்று நிம்மதியாக இருக்க வேண்டிய நேரத்தில் வீரர்கள் புகார் சொல்லத் தொடங்கினார்கள். சுட்டுவிட்டு முகாமுக்குத் திரும்பிய சில மணி நேரத்தில் குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி, இருமல். துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்பவர்களுக்கு வரும் உலோகப் புகைக் காய்ச்சலின் அறிகுறிகள் அப்படியே இவை. மாலையில் வந்து, ஓரிரு நாளில் தானாகவே போய்விடும். அதனால் மருத்துவர்கள் ஃப்ளூ என்று எண்ணி விட்டுவிடுவதும் உண்டு.

ஈயத்தை எடுத்த இடத்தில் தாமிரமும் துத்தநாகமும் வந்து உட்கார்ந்ததுதான் காரணமாகத் தெரிந்தது. குண்டின் கவசமே தாமிரமும் துத்தநாகமும் கலந்த உலோகம். நார்வே ஆய்வாளர்கள் ஆரோக்கியமான ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆண்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து, ஈயத் தோட்டா, ஈயமில்லாத் தோட்டா, மாற்றியமைத்த ஈயமில்லாத் தோட்டா என்று மூன்று வகையையும் சுடவைத்து, அறிகுறிகளையும் நுரையீரல் திறனையும் அளந்தார்கள். பின்னர் வெளியான முடிவு இரண்டு பக்கமும் அடி கொடுத்தது. ஈயமில்லாத் தோட்டாவைச் சுட்டவர்கள் அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள். ஆனால் ஒரு நொடியில் வெளியேற்றும் மூச்சின் அளவு மூன்று குழுவினருக்குமே குறைந்திருந்தது. பழைய தோட்டாவும் நல்ல பிள்ளை இல்லை என்று தெரிந்தது. ஈயம் ஓசையில்லாமல் எலும்பில் போய்ச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தாமிரமும் துத்தநாகமும் அன்று மாலையே காய்ச்சலாக வந்து தெரிவிக்கும். புகார் வருவது இரண்டாவதற்கு மட்டும் என்பதால் அதுதான் மோசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

துகளின் அளவு இங்கே முக்கியமாகிறது. ஆவியான உலோகம் வெளிக்காற்றில் திடீரெனக் குளிரும்போது 100 நானோமீட்டருக்கும் சிறிய மணிகளாக உறைந்து, பிறகு கொத்துக்கொத்தாகச் சேர்கிறது. இவை நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும். எடையில் பார்த்தால் இவை ஒன்றுமேயில்லை. ஒரு மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு ஈடாக 100 நானோமீட்டர் துகள்கள் 1,000 வேண்டும். வடிதாள் எடையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கூட்டம் கண்ணில் படாது. ஆகவே துகளை அளவு வாரியாகத் தட்டுத்தட்டாகப் பிரிக்கும் இம்பாக்டர், எண்ணிக்கையைக் கணக்கிடும் துகள் எண்ணி ஆகியவற்றையும் கூடவே வைக்கிறார்கள். ஒளிச்சிதறலில் வேலை செய்யும் மலிவான தூசு மீட்டர்கள் 300 நானோமீட்டருக்குக் கீழே ஏறக்குறைய குருடு. அதோடு அவை சாதாரண மண் தூசுக்குச் சரிபார்க்கப்பட்டவை. உலோகப் புகைக்கு அவை காட்டும் எண்ணை வடிதாள் எடையோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் பயன்படுத்தக் கூடாது.

சைலன்சர் விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. காதைக் காப்பாற்ற அது மிக நல்லது. ஆனால் குழல் வாயை அடைத்தாற்போல் இருப்பதால் குழலுக்குள் அழுத்தம் கொஞ்சம் அதிக நேரம் நீடிக்கிறது. காலித் தோட்டாவை வெளியே இழுக்கும் போல்ட் என்ற பாகம் பின்னால் வரும்போது மிச்ச வாயு முன்னால் போவதற்குப் பதிலாகக் காலித் தோட்டா தெறிக்கும் துளை வழியாகவும், பின்பக்க இடுக்குகள் வழியாகவும் முகத்தில் அடிக்கிறது. எம்4 போன்ற ரைஃபிள்களில் குழலிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வாயுவை நேராகப் போல்ட்டுக்கே கொண்டுவருவதால் இது இன்னும் கூடும். கண் எரிகிறது, அமோனியா நெடி அடிக்கிறது என்று சுடுபவர்கள் சொல்வது இதைத்தான். மொத்த உமிழ்வைப் பெட்டிக்குள் அளந்தால் சைலன்சர் உள்ள துப்பாக்கிக்கும் இல்லாததற்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். மூக்கருகில் அளந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். குழல் வாயையும் பின்பகுதியையும் நடுவில் தடுப்புச் சுவர் வைத்துப் பிரித்து, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளக்கும் ஏற்பாடுதான் இதற்குச் சரியானது. அமெரிக்கத் தரைப்படை 2022 ஏப்ரலில் தேர்ந்தெடுத்த புதிய ரைஃபிளுக்கு ஒவ்வொன்றோடும் சைலன்சர் உண்டு. வாயு பின்னோக்கி வருவதைக் குறைக்கும் வடிவமைப்பு அது என்று தயாரிப்பாளர் சொல்கிறார். தோட்டாக்காரர்கள், ரைஃபிள்காரர்கள், சைலன்சர்காரர்கள் தனித்தனியாகத் தங்கள் பொருளைச் சோதித்துக்கொண்டிருந்த காலம் போய், மூன்றையும் சேர்த்து ஒரே பொருளாகச் சோதிக்கத் தொடங்கியதற்கு இந்த முக எரிச்சலும் ஒரு காரணம்.

கடைசியாக, கருவி எதுவும் கைக்கு எட்டாத நிலையில் உள்ளரங்கத் தளத்தில் வாரம்தோறும் ஈயத் தோட்டா சுடுபவர் செய்யக்கூடிய அளவீடு ஒன்று உண்டு, ரத்தத்தில் ஈயப் பரிசோதனை. காற்றளவீடு காட்டாத ஒன்றையும் அது காட்டும்: கையிலும் துணியிலும் ஒட்டி, வடையோடும் பீடியோடும் வாய்க்குள் போன ஈயம். அமெரிக்காவில் பெரியவர்களுக்கும் இப்போது டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கவனிக்க வேண்டிய அளவு என்று கணக்கெடுக்கிறார்கள். ஓஷாவின் பழைய சட்டமோ ஒரு சோதனையில் 60 அல்லது பல சோதனைகளின் சராசரியில் 50 வந்தால்தான் தொழிலாளியை அந்த வேலையிலிருந்து விலக்கச் சொல்கிறது. இடைவெளியைப் பாருங்கள். ரத்தத்தில் ஈயம் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பதால் ஒருமுறை எடுத்துவிட்டு விடாமல், சுடும் பருவத்துக்கு முன்னும் நடுவிலும் எடுத்து ஒப்பிடுங்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுக்கும் முறை வேண்டாம். சுடுபவரின் விரல் தோலில் ஏற்கெனவே ஈயம் இருக்கும், அது அந்தச் சொட்டில் கலந்து எண்ணை ஏற்றிவிடும். முழங்கை மடிப்பில் ஊசி போட்டு எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு போங்கள்.